கையெழுத்தை நம்பிய வழக்கறிஞர்

எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தைத் ‘தந்தை செல்வா’ என்றும் ‘ஈழத்துக் காந்தி’ என்றும் சொல்லிச் சொல்லி, அவர் முதலில் ஒரு சிவில் வழக்கறிஞர் என்பதை நாம் மறந்துவிட்டோம். காணி உறுதி, உயில், கொடுக்கல் வாங்கல் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆவணங்களோடு வாழ்ந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர் அவர். இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, எழுதி, கையெழுத்திட்டால் அது இருவரையும் கட்டுப்படுத்தும் என்ற தொழில் நம்பிக்கையும் அவரோடு சேர்ந்து வந்தது. அந்த நம்பிக்கையை இலங்கை அரசு திரும்பத் திரும்ப உடைத்தது. சிங்களத் தலைவர்களை நம்பி ஏமாந்த அப்பாவி என்று அவரைச் சொல்வோர் உண்டு. அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதன்று. மீறினால் முறையிட ஒரு மன்றம் இல்லாத இடத்தில் அவர் ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது. அந்த மன்றம் இன்றுவரை அமையவில்லை என்பதால்தான் அவரைப் பற்றி இப்போதும் பேச வேண்டியிருக்கிறது.

மலேயாவின் ஈப்போ நகரில் 1898 மார்ச் 31 அன்று பிறந்து, நான்கு வயதில் தாயோடு தெல்லிப்பழைக்கு வந்தவர். யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும் கொழும்பு புனித தோமையார் கல்லூரியிலும் படித்தார். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆசிரியரானார். நோயுற்ற சகோதரரைப் பார்க்க விடுப்பு மறுக்கப்பட்டதும் அந்த வேலையை விட்டார். வேறொரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே சட்டம் படித்து அப்புக்காத்து ஆனார். 1947இல் கிங்ஸ் கவுன்சல் என்ற உயர்நிலையும் கிடைத்தது. மெல்லிய குரல், மேடைப் பேச்சு அவருக்கு வராது. பின்னாளில் பார்க்கின்சன் நோய் அந்தக் குரலையும் தின்றது. புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவரான அவரைச் சைவம் ஊறிய யாழ்ப்பாணம் தலைவராக ஏற்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது, அவர் மீதும் அந்த மக்கள் மீதும்.

அவருடைய அரசியல் தோழரும் பின்னர் எதிராளியுமான ஜி.ஜி. பொன்னம்பலம் கிரிமினல் வழக்குகளில் கொடிகட்டிப் பறந்தவர். ஜூரிகளைச் சொல்லால் வெல்வது அவர் தொழில். அரசியலமைப்பை ஆராய வந்த சோல்பரி ஆணைக்குழுவின் முன், சிங்களருக்குப் பாதி, சிறுபான்மையினருக்குப் பாதி இடம் என்ற ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கையை மணிக்கணக்கில் வாதாடினார். 1944இல் அவர் தலைமையில் தொடங்கிய தமிழ்க் காங்கிரஸில் செல்வநாயகம் பக்கத்தில் நின்றார். 1947இல் காங்கேசன்துறையில் வென்று நாடாளுமன்றம் போனார். மறு ஆண்டே பிரிவு வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டு பொன்னம்பலம் அந்த அரசிலேயே அமைச்சரானார். செல்வநாயகம் உடன் போகவில்லை. இன்று தோட்டத் தொழிலாளிக்கு வந்தது நாளை நமக்கும் வரும் என்று எச்சரித்துவிட்டு வெளியேறினார். 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில், சமஷ்டி கோரும் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. அடுத்த தேர்தலில், 1952இல், சொந்தத் தொகுதியிலேயே அவர் தோற்றார். ஆனால் எச்சரிக்கை பலிக்க நாள் ஆகவில்லை. 1956 ஜூனில், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் பட்டப்பகலில் அடிபட்டார்கள்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவோடுதான் 1957 ஜூலை 26 அன்று செல்வநாயகம் ஒப்பந்தம் செய்தார். எதிரே இருந்தவரும் லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். 1926இலேயே யாழ்ப்பாணம் வந்து இலங்கைக்குச் சமஷ்டியே ஏற்றது என்று பேசியவர். பண்டா–செல்வா ஒப்பந்தத்தை இன்று படித்தால் அதன் அடக்கம் வியப்பூட்டும். வடக்குக்கு ஒரு பிரதேச சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி ஆகியவற்றில் அதிகாரம். குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம். சமஷ்டி கேட்டவர் அதைவிடப் பல படி இறங்கி வந்துதான் கையெழுத்திட்டார். எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா இதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்தார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. வாய்ச்சொல் போதாது என்று பிக்குகள் கேட்க, பிரதமர் அதை எழுத்திலும் கொடுத்தார். அடுத்த மாதம் நாடெங்கும் தமிழர் மீது கலவரம் பாய்ந்தது. செல்வநாயகமும் அவர் தோழர்களும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள்.

ஒரு சிவில் வழக்கறிஞர் இந்த இடத்தில் என்ன செய்வார்? ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போடுவார். இங்கே வழக்குப் போட இடமில்லை. எனவே அவர் வீதிக்கு வந்தார். 1961 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் கச்சேரியின் (அரச செயலகத்தின்) முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் வடக்கு கிழக்கு முழுவதும் பரவி நிர்வாகத்தை முடக்கியது. தமிழரசுக் கட்சி தனித் தபால் சேவையே நடத்தியது. ஏப்ரலில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது; ராணுவம் வந்தது; தலைவர்கள் பனாகொடை ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

1965 மார்ச் 24 அன்று அரசமைக்கவிருந்த டட்லி சேனநாயக்காவோடு செய்த ஒப்பந்தத்தில் அவர் பாடம் கற்றவராகவே நடந்துகொண்டார். இந்த முறை 14 உறுப்பினர்களின் ஆதரவு அவர் கையில் இருந்தது. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். எழுத்தோடு பலத்தையும் சேர்த்துவைத்தார் என்று சொல்லலாம். அதுவும் உதவவில்லை. 1968இல், அந்த ஒப்பந்தம் வாக்களித்த மாவட்ட சபைத் திட்டம் வெள்ளை அறிக்கையோடு நின்றது. திருச்செல்வம் பதவி விலகினார். அரசு விழவில்லை, 1970 வரை ஓடியது. தமிழர் வாக்கு ஓர் அரசை அமைக்கத் தேவைப்பட்டது, அதைக் கட்டுப்படுத்தப் போதவில்லை. செல்வநாயகத்தின் அரசியலில் நான் காணும் மிகக் கசப்பான கட்டம் இதுதான்.

நீதிமன்றம்தான் என்ன செய்தது? சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டத்தைத் தடுத்தது. அப்படித்தான் தமிழர் நம்பினார்கள். மலையகத் தமிழரின் வழக்கு 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. பிறகு கோடீஸ்வரன் வழக்கு வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்த ஓர் அரசு எழுதுவினைஞருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். தனிச் சிங்களச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று 1964இல் கொழும்பு மாவட்ட நீதிபதி துணிந்து தீர்ப்பளித்தார். அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்ற வேறொரு காரணத்தைக் காட்டி, உயர் நீதிமன்றம் 1967இல் அதைத் தள்ளியது. அந்தக் காரணம் செல்லாது என்று 1969இல் பிரிவி கவுன்சில் சொல்லி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை இலங்கைக்கே திருப்பி அனுப்பியது. அதற்குப் பதில் வரவே இல்லை. பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் வந்த குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. வழக்குத் தோற்றிருந்தால்கூடத் தாங்கலாம். விசாரிக்க வேண்டிய சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

செல்வநாயகம் அப்போது தன் பதவியைத் துறந்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்பதை என் தொகுதியில் சோதித்துப் பாருங்கள் என்ற சவால் அது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இடைத்தேர்தலை இழுத்தடித்து 1975 பிப்ரவரியில் நடத்தினார்கள். 16,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டையில் தனியரசுத் தீர்மானம் நிறைவேறியபோது தலைமை அவருடையது. நிதானத்தை விட்டு நெடுந்தூரம் போய்விட்டார் என்று அதைச் சிலர் எழுதுகிறார்கள். நான் அதில் பழைய சிவில் வழக்கறிஞரைத்தான் பார்க்கிறேன். ஒரு தரப்பு உடன்படிக்கையின் அடிப்படையையே அழித்துவிட்டால் மறு தரப்பு அதிலிருந்து விடுபடுகிறது என்பது அவருடைய தொழிலின் பாலபாடம். அதே ஆண்டு அவருடைய கட்சித் தோழர் அமிர்தலிங்கம் முதலானோர் மீது ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் முன் நடந்த வழக்கில், 1972 அரசியலமைப்பே தமிழரைக் கட்டுப்படுத்தாது என்று வாதாட வந்த வழக்கறிஞர் அணியில் செல்வநாயகமும் பொன்னம்பலமும் திருச்செல்வமும் இருந்தார்கள். சில மாத இடைவெளிகளில் மூவருமே மறைந்தார்கள். செல்வநாயகம் இறந்த நாள் 1977 ஏப்ரல் 26.

அவர் மீது குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் போராடியபோது தமிழரசுக் கட்சி முன்னால் நின்றிருக்க வேண்டும். அந்தக் கோயில் அவர் தொகுதிக்குள்ளேயே இருந்தது. கொழும்போடு சமத்துவம் பேசியவர்கள் சொந்த ஊரில் தயங்கியது கறைதான். அதேபோல், இரண்டு ஒப்பந்தங்களும் தலைவர் இருவரின் அறைக்குள் உருவானவை. சிங்கள மக்களிடம் நேரில் போய்ப் பேசும் முயற்சி தமிழர் தரப்பில் மிகக் குறைவாகவே இருந்தது.

சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். 2017 ஆகஸ்டில், தமிழரசுக் கட்சிக்கு எதிரான ஒரு வழக்கில், இலங்கை உயர் நீதிமன்றமும் அதையே தீர்ப்பாகச் சொன்னது. அதைக் கேட்க அவர் இல்லை. இடையில் ஒரு பெரும் போரும் நடந்து முடிந்திருந்தது.

இன்று கையில் இருப்பது மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தம். அது 1987 முதல் ஒப்பந்தமாக நில்லாமல் அரசியலமைப்பாகவே இருக்கிறது. இருந்தும் அதிலுள்ள காணி, பொலிஸ் அதிகாரங்கள் மாகாணங்களுக்குத் தரப்படவில்லை. 2018 அக்டோபரில் வடமாகாண சபையின் காலம் முடிந்தது. தேர்தல் இன்னும் வரவில்லை. இனிக் கொழும்போடு பேசப் போகும் தமிழ்ப் பிரதிநிதிகளே, நீங்கள் வழக்கறிஞர்களாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதிகாரப் பட்டியலை நீட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இதை அரசு மீறினால் யாரிடம் போவது, எத்தனை நாளில் பரிகாரம், அந்தப் பரிகாரத்தை யார் நிறைவேற்றுவார்? அதற்கு எழுத்தில் பதில் இல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.