அமாவாசை இரவு மட்டும் போதுமா?

செஞ்சிக்கு அடுத்த மேல்மலையனூரில் மாதந்தோறும் அமாவாசை இரவில் ஜனசமுத்திரம் பொங்குகிறது. அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். விசேஷ பஸ்கள் வருகின்றன. நள்ளிரவில் ஆயிரமாயிரம் கைகளில் கற்பூரம் எரிகிறது. வருகிறவர்கள் யார்? பெரும்பாலும் உழைத்துப் பிழைக்கும் மக்கள். “பெண்ணுக்குக் காற்று சேஷ்டை”, “பிள்ளைக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்”, “வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்” என்று ஆளுக்கொரு துயரத்தைச் சுமந்துகொண்டு வருகிறார்கள்.

அவர்களுடைய நம்பிக்கையைக் கேலி செய்வது நம் வேலையல்ல. ஒரு பெண் அங்கே தலைவிரித்து ஆடுகிறாள், அலறுகிறாள், அழுது ஓய்கிறாள். வீட்டிலும் வயலிலும் வாய் திறக்க முடியாதவளுக்கு அன்றிரவு வாய் திறக்கிறது. நாலு பேர் நின்று கேட்கிறார்கள். நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் நாம் கேட்கிறோம்: மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? அதே வீடு, அதே கடன், அதே கங்காணியின் ஏச்சு. இறங்கிய பாரம் மீண்டும் ஏறிக்கொள்கிறது. மாதத்தில் ஓர் இரவு அழுதால், மீதி நாட்களுக்கு வழி என்ன?

மேல்மலையனூர்க் கதையை நம் தாய்மார் அறிவார்கள். பிரமனின் தலையைக் கொய்த சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. அவர் பித்தராகி ஊர் ஊராய்ப் பிச்சை எடுத்தார். கிடைத்த சோற்றையெல்லாம் கபாலமே தின்றுவிட்டது. கடைசியில் மலையனூரில்தான் அது கையை விட்டு இறங்கியது என்கிறது தலபுராணம். அந்தக் கதை எப்படியோ போகட்டும். உழைப்பாளியின் கையிலும் ஒரு கபாலம் ஒட்டியிருக்கிறதே, அதைப் பார்த்தோமா? சனிக்கிழமை வாங்கிய கூலியைத் திங்கட்கிழமைக்குள் வட்டி தின்றுவிடுகிறது. தூக்கத்தை இரவு ஷிப்டு தின்றுவிடுகிறது. மிச்சத்தைச் சாராயம் தின்றுவிடுகிறது. இப்படி இருந்தால் மனிதனுக்குப் பித்துப் பிடிக்காமல் என்ன செய்யும்?

“மனக்கவலை பணக்காரன் வியாதி, நமக்கு ஏது அதற்கு நேரம்?” என்று சிலர் சிரிக்கிறார்கள். உண்மை அப்படியல்ல. 2015-16இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் நாடளாவிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடும் அதில் சேர்ந்தது. வயது வந்தோரில் 100க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோயால் அவதிப்படுகிறார்கள் என்றும், வருமானம் குறைந்த வீடுகளிலேயே இது கூடுதல் என்றும் அது கண்டது. பெரும்பாலோருக்கு வைத்தியமே கிடைக்கவில்லை என்றும் கூறியது.

அப்படியானால் அன்றாடம் மனதைக் காப்பது எப்படி? “கவலைப்படாதே, சிரித்துக்கொண்டே இரு” என்ற உபதேசம் நமக்கு உதவாது. நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, தூக்கம். தூக்கமில்லாதவனுக்குக் கோபம் முந்தும், கை நீளும், புத்தி பின்தங்கும். எட்டு மணி நேர வேலை என்று உலகத் தொழிலாளர் போராடியது உடம்புக்காக மட்டுமா? எட்டு மணி ஓய்வு, எட்டு மணி நம்முடைய சொந்த வாழ்வு என்பதும் அந்த முழக்கத்தின் பாதிதானே! 2023 ஏப்ரல் 21இல், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அன்று நாம் காத்தது ஓய்வை. ஓய்வோடு சேர்த்து மனதையும்தான்.

இரண்டாவது, கடனை ஒளிக்காமல் பேசுவது. கந்துவட்டிக்காரனைவிடக் கொடியது, கடனை மனைவிக்கும் தெரியாமல் நெஞ்சிலே புதைத்து வைப்பது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். குடிக்கப் போகும் காசையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள். சாராயம் துக்கத்தை ஆற்றாது. மறுநாள் இரட்டிப்பாக்கித் திருப்பித் தரும்.

மூன்றாவது, துணை. களத்துமேட்டிலும் மில் வாசல் டீக்கடையிலும் நாம் கூலியைப் பேசுகிறோம். ஊர் நியாயம் பேசுகிறோம். பக்கத்தில் இருப்பவன் நாலு நாளாய்ப் பேசாமல் இருப்பதை மட்டும் கவனிப்பதில்லை. “என்னப்பா, முகம் வாடியிருக்கிறதே?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? கேட்டுவிட்டு, புத்தி சொல்ல அவசரப்படாமல் முழுதும் கேளுங்கள். மலையனூரில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த ஆறுதல், கேட்க ஆள் இருந்ததுதான். அது அமாவாசைக்குக் காத்திருக்க வேண்டுமா?

இவற்றாலும் தீராதது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வேலையில் நாட்டமில்லை, காதில் ஏதேதோ குரல் கேட்கிறது என்றால் அது வியாதி. செத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. அவரைத் தனியே விடவும் கூடாது. மஞ்சள் காமாலைக்கு வெட்கப்படுகிறோமா? இதற்கு மட்டும் ஏன்? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சாமி கும்பிட விரும்புகிறவர் கும்பிடட்டும். மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நிறுத்தினால், மறைத்தால், கட்டிப்போட்டால் என்ன ஆகும்? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்தது. மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை அது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்களா? இல்லை. வேறு வழி தெரியாத ஏழைக் குடும்பத்தார் பலர். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சர்க்கார் செலவில் நடக்கும் சேவைகளில் வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. உரிமை என்றால் கேட்டு வாங்க வேண்டியது. தாலுகா ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், மருந்து இருக்கிறதா என்று ஊர்க் கூட்டமாய்ப் போய்க் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

தோழர்களே! மனம் உடைந்தவன் கோழையல்ல, அதிகம் சுமந்தவன். அவனைப் பேய் பிடித்தவன் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். சுமையில் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள். அதற்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. இன்று மாலை வேலை விட்டதும் தொடங்கலாம்.