பாறையும் குப்பையும்

சென்ற பொங்கலன்று நம் சங்கத்தின் விருந்து சிறப்பாக நடந்தது. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நமக்குச் சர்க்கரைப் பொங்கலைக் கண்டதும் வீட்டு நினைவு வந்தது இயல்பே. வாழையிலை போதவில்லை. ஆகவே பாதிப் பேருக்கு மேல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டில் பரிமாறினோம். பரிமாறியவர்களுள் நானும் ஒருவன். மாலையில் எல்லாவற்றையும் பெரிய பைகளில் கட்டி, விடுதியின் பின்புறத்தில் வைத்துவிட்டுக் கலை நிகழ்ச்சிக்கு ஓடினோம்.

மறுநாள் காலை, அங்கே பெருக்கும் அம்மையார் என்னை நிறுத்தினார். "பாபு, இதெல்லாம் எங்கே போகும், தெரியுமா?" என்று தெலுங்கில் கேட்டார். "மாநகராட்சி வண்டியில் போகும், அம்மா" என்றேன். "அந்த வண்டி எங்கே போகும்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. மூன்றாண்டுகளாக இந்நகரில் வாழ்கிறேன். ஆராய்ச்சி மாணவன் என்று பெயர். ஆனால் நாள்தோறும் நான் எறிவது எங்கே போய்ச் சேருகிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டியது.

விடை தேடினேன். இந்நகரின் குப்பை பல ஆண்டுகளாக வடகிழக்கே உள்ள ஜவஹர்நகருக்குச் சென்று குவிந்தது. முன்னூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அது. பழைய குப்பை மட்டும் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. பின்னர் அந்த மேட்டை மூடினார்கள். 2020-இல் குப்பையை எரித்து 19.8 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையமும் அங்கே திறக்கப்பட்டது. இவை நல்ல முயற்சிகளே. ஆயினும் குப்பையிலிருந்து கசிந்த கருநீர் அருகிலுள்ள மல்காரம் ஏரியைக் கெடுத்துவிட்டது. சுற்றியுள்ள மக்கள் நாற்றத்தைப் பற்றியும் நிலத்தடி நீரைப் பற்றியும் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்திருக்கிறார்கள். விருந்து உண்டவர்கள் ஓரிடம். எச்சிலைச் சுமந்தவர்கள் வேறிடம்.

இனி, பாறையைப் பற்றி ஒரு சொல். ஹைதராபாத்துக்கு முதன்முதலில் வந்த நாளில் உங்களைக் கவர்ந்தது எது? என்னைக் கவர்ந்தவை ஒன்றன்மேல் ஒன்றாய் நிற்கும் கருங்கற் பாறைகள். அவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். நம் வளாகத்துக் காளான் பாறையைப் பார்த்து வியக்காதவர் யார்? அதுவும், துர்கம் செருவைச் சூழ்ந்த குன்றுகளும், மௌலா அலி அருகிலுள்ள பாறையும் மரபுச் சின்னங்களாகப் பட்டியலில் இடம்பெற்றவை. பாறைகளைக் காப்பதற்கென்றே 1996-இல் இந்நகரில் ஒரு சங்கம் தோன்றியது. பட்டியலில் ஏறாத பாறைகளுக்கோ பாதுகாப்பு இல்லை. நான் வந்த ஆண்டில் பேருந்திலிருந்து பார்த்த குன்று ஒன்று இன்று இல்லை. அவ்விடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன.

பாறை ஒரு விஷயம், குப்பை வேறு விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். எனக்கு அவை ஒன்றாகவே தோன்றுகின்றன. குன்றை உடைத்து ஜல்லியும் மணலும் ஆக்குகிறோம். அதைக் கொண்டு வீடு கட்டுகிறோம். முப்பது நாற்பது ஆண்டுகளில் அவ்வீட்டை இடித்து ஏரிக்கரையில் கொட்டுகிறோம். மீண்டும் ஒரு குன்றைத் தேடிப் போகிறோம். இடிபாட்டைப் பொடித்துத் திரும்பப் பயன்படுத்தினால் அந்த அளவுக்குப் பாறை தப்பும், ஏரியும் தப்பும். இதற்கான ஆலை ஒன்று, நாளொன்றுக்கு 500 டன் கையாளும் திறனுடன், 2020-இல் ஜீடிமெட்லாவில் தொடங்கப்பட்டது. அடுத்து ஃபத்துல்லாகுடாவிலும் ஒன்று வந்தது. வழி இருக்கிறது என்பதற்கு இவையே சான்று.

அப்படியானால் குறை எங்கே? திட்டமிடுவதில் என்பேன். கல்லும் ஜல்லியும் சட்டப்படி சிறு கனிமங்கள். 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் அவற்றுக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுத்தது. குப்பையோ, 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின்படி நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்று. எடுப்பவர் ஒருவர், கொட்டுபவர் ஒருவர். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, இந்நகருக்கு இருபது ஆண்டுகளில் எவ்வளவு கல் வேண்டும், எவ்வளவு இடிபாடு வரும், வெட்டிய குழிகளை என்ன செய்வது என்று கேட்கும் மன்றம் எது?

இங்கே ஒரு புதுமையைப் பாருங்கள். பழங்குடிப் பகுதிகளில் சிறு கனிமத்துக்கு உரிமம் கொடுக்குமுன் கிராம சபை அல்லது ஊராட்சியின் பரிந்துரை கட்டாயம் என்று 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டம் கூறுகிறது. காட்டோரத்துக் கோண்டு கிராமத்துக்குச் சட்டம் கொடுத்த அவ்வுரிமை, பட்டதாரிகள் நிறைந்த நகர வட்டத்துக்கு இல்லை!

ஆங்கில நாட்டில் இந்த இரண்டையும் சேர்த்தே திட்டமிடும் வழக்கம் உண்டு. ஹாம்ப்ஷயர் வட்டார மன்றம் அண்டை மன்றங்களுடன் கூடி 2013-இல் கனிமங்களுக்கும் கழிவுகளுக்கும் ஒரே திட்டத்தை ஏற்றுக்கொண்டது. எங்கே தோண்டலாம், எங்கே கழிவைப் பிரிக்கலாம், தோண்டிய நிலத்தை எப்படிச் சீராக்க வேண்டும் என்பவை அதில் உள்ளன. பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, தனி ஆய்வாளர் ஒருவர் விசாரித்த பின்னரே இத்தகைய திட்டம் நடைமுறைக்கு வரும். அங்கும் சச்சரவு இல்லாமலில்லை. ஆனால் குழி வெட்டுவதற்கு முன்பே சச்சரவு நடக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலும் குழி வெட்டிய பிறகே வழக்குத் தொடுக்கிறோம்.

"கல் இன்றி நகரம் வளருமா? நீ இருக்கும் விடுதியே கல்லால் ஆனதன்றோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் பயன்படுத்துங்கள், குழியை மறவாதீர்கள் என்றே சொல்கிறேன். சென்னைக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் தேங்கிய நீரே 2017-இன் வறட்சியில் சென்னைக்குக் குடிநீராயிற்று. அக்குழிகளில் குப்பையை நிரப்பியிருந்தால் என்னவாகியிருக்கும்? மறுபுறம், பெருங்குடியில் குப்பை கொட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கியவர்களும் நம்மவர்களே. ஆகவே ஹைதராபாத்தைக் குறை கூறி நாம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு நண்பர், "நாம் இங்கே நாலைந்து ஆண்டு தங்கிப் போகிறவர்கள், நமக்கேன் இந்த வேலை?" என்றார். நாம் போய்விடுவோம், உண்மைதான். நாம் எறிந்த தட்டு போகாது. 2025-இல் நம் வளாகத்தை அடுத்த கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மரங்கள் விழுந்தபோது, மாணவர்கள் ஊர் பார்த்தா குரல் கொடுத்தார்கள்? ஏப்ரல் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வேலையை நிறுத்தியது. அன்று காட்டிய அக்கறை ஒரு வாரத்தோடு முடிந்துவிடலாகாது.

நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, சங்க விருந்துகளில் இலை அல்லது கழுவிப் பயன்படுத்தும் தட்டு. எச்சிலைத் தனியே பிரித்து உரமாக்குவது. அடுத்த பொங்கலுக்குத் தட்டுக் கழுவ என் பெயரை இன்றே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது, சிறு கனிமங்களுக்காக மாவட்டந்தோறும் ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும் என்றும், அதன் வரைவை 21 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் மத்திய அரசு 2016-இல் விதித்தது. ரங்காரெட்டி மாவட்டத்தின் அறிக்கையைப் புவியியலும் சட்டமும் பயிலும் நம்மவர்கள் கூடி வாசிப்போம். குறை கண்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுதுவோம். மூன்றாவது, தெலுங்கு கற்போம். பெருக்கும் அம்மையாரோடும், ஜவஹர்நகர் மக்களோடும் பேசாமல் இந்நகரின் குப்பையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதில் பயன் சிறிது.

வண்டி எங்கே போகும் என்று அந்த அம்மையார் கேட்டார். விடையை அறிந்துகொண்டு மறுவாரம் அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்குத் தெரியும், பாபு. என் தங்கை வீடு அங்கேதான்" என்றார்.