வெட்டியவன் கணக்கு

'ஒரு மரத்தை வெட்டியதற்காக மனிதனைக் கூண்டில் ஏற்றுவதா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் கருணை சொட்டுகிறது. ஆனால் யாரிடம் கருணை என்று சற்று நிதானித்துப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 1990-ஆம் வருஷத்து நகர, கிராமத் திட்டச் சட்டத்தின்படி, உள்ளூர்க் கவுன்சில் ஒரு மரத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு போடலாம். போட்டுவிட்டால், அது உங்கள் கொல்லையிலேயே நின்றாலும் அனுமதியில்லாமல் கோடரி வைக்கக் கூடாது. மீறினால் குற்றம். 'உத்தரவு இருப்பது எனக்குத் தெரியாதே' என்ற சமாதானம் எடுபடாது.

'என் நிலம், என் மரம், ஊருக்கென்ன?' என்கிறார் சொந்தக்காரர். ஐயா, உங்கள் வீட்டை ஒட்டி ஒருவன் தொழிற்சாலை கட்ட வந்தால், அவனைத் தடுக்க இதே திட்டச் சட்டத்தைத்தானே தேடி ஓடுவீர்கள்? அவன் நிலம், அவன் ஆலை என்று சும்மா இருப்பீர்களா? அப்போது இனித்த சட்டம் மரத்துக்கு வரும்போது மட்டும் கசப்பானேன்?

சட்டம் கண்மூடித்தனமானதும் அல்ல. பட்டுப்போன மரத்தையோ, இப்போதே ஆபத்தாகச் சாயும் மரத்தையோ வெட்ட அனுமதி தேவையில்லை. மற்றவற்றுக்கு மனுப் போடலாம், கட்டணம் கிடையாது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. இத்தனை வாசல்கள் திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிக்கிறவனை அப்பாவி என்பானேன்?

அவன் கணக்குத் தெரிந்தவன். மரம் போனால் வெளிச்சம் வரும், இன்னொரு வீடு கட்ட இடம் வரும், விலை ஏறும். அபராதத்தை அவன் செலவுப் பட்டியலில் சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அடுத்த வரியில் எழுதிக்கொள்கிறான். ஆகவேதான், அபராதம் விதிக்கும்போது குற்றவாளிக்குக் கிடைத்த பண லாபத்தையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 20,000 பவுன் என்றிருந்த உச்சவரம்பும் 2015-ல் நீங்கியது.

பூல் நகரில் ஒருவர், பக்கத்து வீட்டுப் பைன் மரத்தை ஆள் வைத்து வெட்டினார். 75,000 பவுன் அபராதம். அதற்கு மேல், தம் வீட்டுக்கு ஏறிய மதிப்புக்காக 50,000 பவுன் பறிமுதல். 2013-ல் அப்பீல் கோர்ட்டும் அபராதத்தைக் குறைக்கவில்லை. தண்டனை என்றால் இதுதான்: லாபத்தைப் பிடுங்குவது.

வெட்டாமல் வேரை அறுத்தவர்களும் தப்பவில்லை. மரம் நின்றுகொண்டிருந்தாலும் காப்பாற்றத் தகுதியற்றதாகிவிட்டால், அது அழிக்கப்பட்டதே என்று 1973-லேயே தீர்ப்பாகிவிட்டது.

சட்டத்தில் பல் இருக்கிறது. கடிக்கத்தான் ஆள் வேண்டும். மரத்தை அழிக்காத சிறு மீறல் என்றால், போதிய சாட்சியம் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள், குற்றம் நடந்த மூன்று வருஷத்துக்குள், வழக்குத் தொடர வேண்டும். வக்கீல் செலவுக்குப் பயந்தோ, செல்வாக்குள்ளவரின் முகதாட்சணியத்துக்காகவோ, எச்சரிக்கைக் கடிதத்தோடு கோப்பைக் கட்டி வைக்கும் கவுன்சில், வெட்டியவனுக்குப் பங்காளி. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுத்த தெருக்காரனும் ரம்பத்தைத் தீட்டுவான்.

வெட்டிய இடத்தில் வேறு மரம் நட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நடட்டும். ஆனால் இருநூறு வருஷத்து ஓக் மரத்துக்கு ஈடாக ஒரு கன்றை ஊன்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவனிடம், பாக்கி இருநூறு வருஷத்தை யார் வசூலிப்பது? கோர்ட்டுதான் வசூலிக்க வேண்டும், பவுனிலாவது.