வள்ளங்களுக்கு மின்சாரம் கைகொடுக்குமா?

கேரளக் கடற்கரையில் வள்ளம் கடலில் இறங்குவதா, மணலிலேயே கிடப்பதா என்பதை மீனைவிட மண்ணெண்ணெயே முடிவு செய்யும் நிலை வந்திருக்கிறது.

1980-ம் ஆண்டுகளில் வள்ளங்களின் பின்புறம் அவுட்போர்டு இயந்திரங்கள் பரவலாக ஏறின. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வகை அவை. பர்மிட்டில் மலிவாகக் கிடைத்த எண்ணெயை நம்பித்தான் மீனவர்கள் கடன்பட்டு அவற்றை வாங்கினார்கள். பின்னர் மத்திய அரசின் ஒதுக்கீடு குறைந்துகொண்டே வந்தது. 2022-ல் ரேஷன் விலையே லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிற்று. மத்தி விலை ஏறினால் மீன்காரியை ஏசுவோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

பேட்டரிக்கு மாறினால் என்ன என்று கேட்பவர்கள் 'ஆதித்யா'வைக் காட்டுகிறார்கள். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் விடப்பட்ட சூரிய மின்சாரப் பயணிகள் படகு அது. ஆனால் அது ஓடுவது காயலில். போகும் தூரமும் திரும்பும் நேரமும் முன்கூட்டியே தெரியும். கடல் மீனுக்கு டைம்டேபிள் போட்டவர் யாருமில்லை.

10 குதிரைசக்தி மோட்டார் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரம் வேண்டும். அதற்கான லித்தியம் பேட்டரியே 60 முதல் 80 கிலோ கனக்கும். ஐந்து மணி நேரத்துக்கு ஏற்றினால் மீனுக்கு இடமிராது. ஆனால் வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். 'ஹைப்ரிட்' என்னும் இரட்டை முறை இதைத்தான் பயன்படுத்துகிறது. வலை விடும்போதும் மெல்ல நகரும்போதும் பேட்டரி. தூரம் போகவும் அலையை எதிர்க்கவும் இயந்திரம். பேட்டரி தீர்ந்தாலும் கரை சேரலாம். கடலுக்குப் போகிறவனுக்கு எண்ணெய் மிச்சத்தைவிட இது பெரிது.

தொல்லை கரையில் இருக்கிறது. தென் கேரளத்தில் பல வள்ளங்கள் துறைமுகமின்றி மணலில் ஏற்றப்படுபவை. அங்கே சார்ஜ் போட இணைப்பு வேண்டும். உப்புக்காற்று அதை அரிக்காமல் காக்க ஆளும் வேண்டும். இயந்திரத்தோடு மோட்டாரும் பேட்டரியும் வாங்க முதல் செலவு அதிகம். எண்ணெய்க்குக் கடன் கொடுக்கும் தரகர் பேட்டரிக்கும் கொடுப்பார், பிடிக்கிற மீனைத் தன்னிடமே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இந்தக் கடனை மீனவர் கூட்டுறவு அமைப்பான மத்ஸ்யபெட் தரட்டும். அதுவும் கடற்கரை இணைப்புகளும் வந்த பிறகே எண்ணெய் மானியத்தில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால், மின்சாரம் வருமுன் வள்ளம் விலைக்குப் போய்விடும்.