நம்ம ஊர்ப் பொண்ணு பாட்டு



ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே கோயில் கொண்டிருக்கும் காட்டழகரைப் பார்க்கும் ஆசை. ஆட்டோக்காரரின் பென் டிரைவில் இளையராஜா பாட்டுகள். மலை நெருங்கிய நேரத்தில், எஸ்.ஜானகி அம்மாவின் குரலில் ‘வாரணம் ஆயிரம்’ வந்தது. ‘கேளடி கண்மணி’ படத்தில் வருமே, அதேதான்.

“நம்ம ஊர்ப் பொண்ணு எழுதுன பாட்டும்மா” என்றார் ஆட்டோக்காரர். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய ஆண்டாளைப் பக்கத்துத் தெருப் பெண்ணாகச் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

படம் வெளியான 1990இல் ஜானகி அம்மாவுக்கு 52 வயது. ஆனால் கேட்டுப் பாருங்கள். கல்யாணக் கனவு கண்டுவிட்டு, விடிந்ததும் தோழியைத் தேடி ஓடிவந்த பெண்தான் அந்தக் குரலில் இருக்கிறாள்.

வைணவக் கல்யாணங்களில் தேங்காய் உருட்டும்போது ‘வாரணம் ஆயிரம்’ பாடுவார்கள். இளைஞர்களுக்கு இது 2008இல் வந்த சூர்யா படத்தின் பெயர். இரண்டு பக்கமும் வார்த்தைகளை நின்று கேட்பவர்கள் குறைவு. ஆண்டாள் எழுதிய நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் இந்தக் கல்யாணக் கனவுக்கு 11 பாசுரங்கள். மேளம், சங்கு, முத்துப்பந்தல், கைப்பிடித்தல், தீவலம், அம்மி மிதித்தல் என்று நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரியே வரிசையாக வரும்.

அதில் ஓர் இடம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. அண்ணன் தம்பிமார் வந்து, அவள் கையை மாப்பிள்ளை கையோடு சேர்த்துப் பொரி அள்ளிப் போடுகிறார்கள். துளசித் தோட்டத்தில் கிடைத்த குழந்தை என்றுதானே அவள் கதை? அவளுக்கு ஏது அண்ணன் தம்பி? இல்லாத உறவையும் கனவில் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனிதர் யாருக்கும் என்னைப் பேசி முடித்தால் வாழமாட்டேன் என்று அதே நூலில் அடித்துச் சொன்னவளும் இவள்தான். அவளை எடுத்து வளர்த்த பெரியாழ்வார், மகளின் மனசுக்கு இணங்கி அவளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மண்டபம், பத்திரிகை, சாப்பாட்டு மெனு எல்லாவற்றையும் பத்துப் பேரிடம் கேட்கிறோம். “உனக்குப் பிடிச்சிருக்காம்மா?” என்று பெண்ணிடம் கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கிறோமா? மேடையில் இந்தப் பாட்டைப் பாடவைக்கும் வீடுகள் இதை முதலில் செய்யலாமே! இந்த வாரம் ஒரு ராத்திரி, மகளோடு உட்கார்ந்து ஜானகி அம்மா குரலில் இதைக் கேளுங்கள். பாட்டு முடிந்ததும் அவளைப் பேசவிடுங்கள்.

வனத்துறை செக்போஸ்ட் வந்துவிட்டது. ஆட்டோக்காரர் இன்ஜினை மட்டும் நிறுத்தினார். பாட்டு முடியும்வரை நாங்கள் இருவருமே இறங்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்