ஒரு வைரஸ், இரண்டு கணக்குப் புத்தகம்

பி.காம். படிக்கிறவனுக்கு வைரஸைப் பற்றி எழுத என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்பார்கள். வேலை இருக்கிறது. கணக்குப் பதிவியலில் நமக்கு முதலில் சொல்லித் தருவது என்ன? எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் இருப்பாய்வு ஒத்துவராது. ரோட்டா வைரஸ் விஷயத்தில் நாம் ஒரு பக்கத்தை மட்டும்தான் ஒழுங்காக எழுதி வருகிறோம் என்பது என் கருத்து. குழந்தைகளின் பக்கம் பதிவாகிறது. கன்றுக்குட்டிகளின் பக்கம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது.

முதலில், இந்த வைரஸ் யார்? பச்சைக் குழந்தைகளுக்குத் தண்ணீர் தண்ணீராகப் பேதி, வாந்தி, காய்ச்சல் என்று வந்து ஓரிரு நாளில் உடம்பில் உள்ள நீரை வற்றச் செய்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் இதுதான். 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவர் குழுவினரும் நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவில் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டார்கள். பார்க்கச் சக்கரம் போல இருந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ரோட்டா' பெயரானது. ஆனால் அதற்கு முன்பே, 1969இல், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கழிச்சல் கண்ட கன்றுகளில் இதே வகை வைரஸைக் கண்டுவிட்டார்கள். ஆக, கணக்கில் முதல் வரி கன்றின் பெயரில்தான் எழுதப்பட்டது!

இது சின்ன விஷயம் இல்லை. 2013ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் தந்த மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 2,15,000 குழந்தைகள் ரோட்டா வைரஸால் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 47,000 பேர் இந்தியக் குழந்தைகள். ஐந்தில் ஒன்றுக்கும் மேல்.

சரி, மாடு எங்கே வருகிறது? இந்த வைரஸின் மரபணு ஒரே நீளக் கயிறு அல்ல. 11 தனித்தனித் துண்டுகள். ஒரே உயிரணுவுக்குள் இரண்டு வேறு ரோட்டா வைரஸ்கள் நுழைந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டுகளைக் கலைத்துப் போட்ட மாதிரி துண்டுகள் கலந்து புது வைரஸ் பிறக்கலாம். வெளி ஓட்டில் உள்ள இரண்டு புரதங்களை வைத்து ஜி, பி என்று வகை பிரிக்கிறார்கள். மனிதர்களில் சில கூட்டணிகள், மாடுகளில் சில, பன்றிகளில் சில என்று வழக்கமாக இருக்கும். ஆனால் வேலி தாண்டுவது உண்டு. 1990களில் பிரேசில் குழந்தைகளிடம் பன்றிகளில் வழக்கமாகக் காணப்படும் ஜி5 வகை தென்பட்டது. 2013 முதல் குதிரை வைரஸை ஒத்த ஒரு ஜி3 வகை ஆசியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று பரவியது.

நம் ஊர்க் கதை இதைவிட சுவாரசியம். ஜி10 பி[11] என்பது இந்திய மாடுகளிடம் சகஜமாகக் காணப்படும் வகை. பெங்களூரில் பிறந்த குழந்தைகளிடம் அதே வகை இருந்தது. அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. வேலூரிலும் பச்சிளம் குழந்தைகளிடம் அதே வகை இருந்தது. ஆனால் அங்கே நோயை உண்டாக்கியது. ஆராய்ந்தபோது வெளி ஓட்டுப் புரதங்கள் மாட்டு வைரஸை ஒத்திருந்தன. வேறு சில துண்டுகள் மனித வைரஸை ஒத்திருந்தன.

இன்னொன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1980களின் நடுவில் கிடைத்த 116இ. பெரும்பகுதி மனித வைரஸ், ஒரு துண்டு மட்டும் மாட்டிலிருந்து வந்தது. பிறந்த குழந்தைகளின் குடலில் இருந்தும் அது நோய் செய்யவில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பிறகு கடுமையான ரோட்டா பேதியும் குறைவாகவே வந்தது. மகாராஜ் கிஷன் பான் போன்றவர்களின் பல்லாண்டு உழைப்பில் அதுவே 'ரோட்டாவாக்' சொட்டு மருந்தானது. 2016இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. மாட்டிடம் கடன் வாங்கிய துண்டோடு வந்த வைரஸ் நம் பிள்ளைகளைக் காக்கிறது. இந்த வரவை எந்தப் புத்தகத்தில் எழுதுவீர்கள்?

இப்போது கணக்கின் நிலையைப் பாருங்கள். 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருத்துவமனைகளை இணைத்து ரோட்டா கண்காணிப்பைத் தொடங்கியது. பேதியால் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 39 சதவீதம் பேருக்கு ரோட்டா என்று முதல் இரண்டாண்டுகளிலேயே தெரிந்தது. தடுப்பு மருந்துத் திட்டத்துக்கு அது வலுவான ஆதாரமானது. கால்நடைப் பக்கம் ஆய்வே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேல் மாடுகள், சுமார் 11 கோடி எருமைகள். பல வீடுகளில் கன்று கட்டியிருக்கும் இடத்துக்கும் தொட்டிலுக்கும் இடையே நாலடிதான்.

"விலங்கு வகைகள் மனிதரிடம் நிலைப்பது அபூர்வம், அதற்கு எதற்குச் செலவு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் வருவது இன்னொரு குழந்தையிடமிருந்துதான், தொழுவத்திலிருந்து அல்ல. ரோட்டாவாக் சோதனையில் கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ 55 சதவீதம் என்பதற்கும் வகைப் பன்மையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஊட்டச்சத்து, குடல் கிருமிகள், தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் பேசப்படுகின்றன. ஆனால் அபூர்வமாக நடக்கும் பெரிய இழப்புக்குத்தானே காப்பீடே இருக்கிறது? புது வகை ஒன்று பரவிய பிறகு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தால், ஒப்பிட்டுப் பார்க்க மாட்டுப் பக்கத்தில் பழைய பதிவு வேண்டாமா?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மருத்துவமனைக் கண்காணிப்பு நடக்கும் மாவட்டங்களிலேயே கழிச்சல் கண்ட கன்றுகளின் சாண மாதிரியையும் எடுங்கள். ஒரே முறையில் வகை பிரித்து ஒரே பேரேட்டில் எழுதுங்கள். குழந்தை மருத்துவரும் கால்நடை மருத்துவரும் அதே பக்கத்தைப் படிக்கட்டும்.

இதில் விவசாயிக்கும் லாபம் உண்டு. கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அநேகமாக இருக்காது. முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால்தான் அதைத் தருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சினை மாட்டுக்கு ரோட்டா தடுப்பூசி போட்டு அந்தச் சீம்பாலுக்கு வலுவூட்டுகிறார்கள். நாமோ அதைக் கறந்து வெல்லம் போட்டுச் சாப்பிட்டுவிடுகிறோம். ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் கன்று வயிறாரக் குடித்த பிறகு மிஞ்சுவதுதான் நம் பங்கு.

உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாகக் கிடைக்கும் சொட்டு மருந்தைத் தவறவிடாதீர்கள். கன்று இருந்தால் சீம்பாலை விட்டு வையுங்கள். தொழுவத்திலிருந்து வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மற்றதை அரசாங்கம் எழுத வேண்டும், இரண்டு பக்கத்திலும்.