கம்பியில் உட்காரும் குருவிக்கு நீள இறக்கை... சோலைக்கிளிக்கு மட்டும் ஏன் குட்டை?

ஐப்பசி பிறந்துவிட்டால் தேவாரம், போடி பக்கம் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு ஒதுங்கி இங்கே வருபவை இவை. உடம்பு சின்னதுதான். ஆனால், இறக்கை நீளமாக, நுனி கூர்மையாக இருக்கும்.

அண்ணாந்து மலையைப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள பழனி மலை, மேகமலை உச்சிகளின் சோலைக்காடுகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி வாழ்கிறது. பெயரில் கிளி இருந்தாலும் கிளி இனம் அல்ல. நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பறவை. அதன் இறக்கை குட்டையாக, வட்டமாக இருக்கும். ஆங்கிலத்தில் முன்பு இதற்கு 'ஷார்ட்விங்' என்றே பெயர். அதாவது, குட்டை இறக்கைக்காரி!

பறந்து பறந்து நீண்டதா?

'தினமும் தூரமாகப் பறந்தால் இறக்கை நீண்டுவிடும்' என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே இனத்திலும் சில பறவைகளுக்கு இறக்கை கொஞ்சம் நீளம், சிலவற்றுக்குக் கொஞ்சம் குட்டை. நம் வீட்டுப் பிள்ளைகளின் உயரம் போல, இதுவும் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவது. எந்த நீளம் அந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ, அந்தப் பறவைகள் அதிகம் பிழைத்து, அதிகம் குஞ்சு பொரிக்கும். தலைமுறை தலைமுறையாக அந்த நீளமே பரவும். இதுதான் இயற்கைத் தேர்வு.

நெடும்பயணத்துக்கு நீண்ட இறக்கை சிக்கனம். குறைந்த சக்தியில் அதிக தூரம் போகலாம். அடர்ந்த புதருக்குள் அதுவே இடைஞ்சல். சட்டென்று எழும்பவும், கிளைகளுக்கு இடையே திரும்பவும் குட்டை இறக்கைதான் வசதி.

கண்ணெதிரே மாறிய இறக்கை

இதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பாலங்களுக்கு அடியில் கூடு கட்டும் ஒருவகைத் தகைவிலான்களை, சார்லஸ் பிரவுன், மேரி பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 30 ஆண்டுகள் கவனித்தார்கள். 2013-ல் வெளியான அவர்களின் ஆய்வு முடிவு ஆச்சர்யமானது. பறவைகளின் எண்ணிக்கை கூடியபோதும், வாகனத்தில் அடிபட்டுச் சாவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அடிபட்டுக் கிடந்தவற்றின் இறக்கை, மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. உயிரோடு இருந்த கூட்டத்தின் சராசரி இறக்கை நீளமோ குறைந்துகொண்டே வந்தது. குட்டை இறக்கை இருந்தால், வண்டி வரும்போது செங்குத்தாக எழும்பித் தப்பலாம் என்பது அவர்கள் சொன்ன முக்கியக் காரணம்.

வரமே சிறையானால்...

மீண்டும் நம் மலைக்கு வருவோம். சோலைக்காட்டுக்குள் குட்டை இறக்கை ஒரு வரம். ஆனால், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போக வெப்பமான சமவெளியைத் தாண்ட வேண்டுமே? சோலைக்கிளிகள் அந்தப் பயணத்துக்கானவை அல்ல. சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சோலைக்கிளி, தெற்கே வெண்வயிற்றுச் சோலைக்கிளி எனப் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து, வேறு வேறு இனங்களாகவே ஆகிவிட்டன. வி.வி.ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுக்களை ஆராய்ந்து, 2017-ல் இவற்றுக்கு 'ஷோலிகோலா' என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள். நம் 'சோலை' இப்போது அறிவியல் பெயரிலும் இருக்கிறது.

தேயிலை, யூகலிப்டஸ், சீகை மரங்களுக்காகச் சோலைகளும் புல்வெளிகளும் துண்டு துண்டாயின. வெப்பம் கூடினால் பறவை இன்னும் மேலே போக வேண்டும். உச்சிக்கு மேல் இடம் ஏது? கம்பியில் இருக்கும் தகைவிலானுக்கு இந்த ஊர் பிடிக்காவிட்டால் வேறு ஊர் உண்டு. சோலைக்கிளிக்கு அந்தச் சோலையை விட்டால் போக்கிடம் இல்லை.

அடுத்த முறை போடிமெட்டு ஏறும்போது, வழியில் எந்தப் பறவையைப் பார்த்தாலும் அதன் இறக்கையைக் கவனியுங்கள். அது எவ்வளவு தூரம் போகும், எதை நம்பி வாழ்கிறது என்பதை அந்த இறக்கையே சொல்லிவிடும்.